வான்கோழி விழுந்த பிறகு



ஒன்ராறியோவின் வசந்தகால வான்கோழி வேட்டை பற்றிச் சென்ற மாத உரையில் சில நிமிடங்கள் சொல்லியிருந்தேன். அனுமதிப்பத்திரம் எப்படி எடுப்பது, எந்தப் பக்கம் போவது என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். வந்த தொலைபேசி அழைப்புகள் வேறு விதமாக இருந்தன. "மகன் சுட்டுக்கொண்டு வந்திட்டான், இனி இதை என்ன செய்யிறது?" என்று ஒரு தாயார். "கூட வேலை செய்யிற பெடியன் ஒரு பை இறைச்சி தந்தவன், நம்பிச் சாப்பிடலாமோ?" என்று ஒரு அண்ணை. "மகள் பிள்ளைத்தாய்ச்சி, அவவுக்குக் குடுக்கலாமோ?" என்று இன்னொரு அம்மா. வானொலியில் இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகள் அல்ல இவை. ஆகவே இம்மாதம் எழுதுகிறேன்.

வேட்டைக்குப் போகாதவர்களும் இதை வாசிக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு பறவை ஒரு வீட்டில் நிற்பதில்லை. நெஞ்சிறைச்சி அக்கா வீட்டுக்கு, கால் மாமா வீட்டுக்கு, மிச்சம் கீழ்மாடியில் குடியிருப்பவருக்கு என்று போய்விடும். சுட்டவர் ஒருவர், சாப்பிடுகிறவர்கள் இருபது பேர். அந்த இருபது பேருக்கும் பறவை எப்படி விழுந்தது, எத்தனை மணிநேரம் வெயிலில் கிடந்தது, எந்தத் தோட்டாவால் சுடப்பட்டது என்று எதுவும் தெரியாது.

முதலில் பறவையைப் பற்றி இரண்டு வார்த்தை. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கொலம்பஸுக்குப் பிறகுதான் அது எங்கள் பக்கத்துக்கு வந்தது. அப்படியென்றால் மூதுரையில் வருகிற வான்கோழி எது என்பது தமிழ் படித்தவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு. நான் வர்த்தகம் படித்தவன். ஒன்ராறியோவில் காடழிப்பாலும் அளவுமீறிய வேட்டையாலும் இந்தப் பறவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இல்லாமற் போயிற்று. 1984 முதல் 1987 வரை மிச்சிகன், மிசூரி, நியூயோர்க் முதலிய அமெரிக்க மாநிலங்களிலிருந்து 270 சொச்சம் பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று பல்லாயிரக்கணக்கில் பெருகிவிட்டன. எங்களில் பலரைப் போல எண்பதுகளில் வந்திறங்கி, காலூன்றி, குடும்பமாகிவிட்ட பறவைகள் என்று சொல்லலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

துவக்கு வெடித்ததும் பறவை விழுந்துவிடும். ஆனால் உடனே அடங்காது. ஒரு நிமிடம் வரை செட்டையை அடித்துத் துள்ளும். உயிர் போன பின்னும் நரம்புகள் செய்கிற வேலை அது. புதியவர்கள் இந்த நேரத்தில்தான் குண்டு நிரம்பிய துவக்கோடு பற்றைகளுக்குள்ளால் ஓடுகிறார்கள். ஓடக்கூடாது. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, குழாயை ஆளில்லாத பக்கம் பிடித்து, நடந்து போக வேண்டும். பறவையைக் காலில் பிடித்துத் தூக்கவும் கூடாது. வயதான சேவலின் காலில் உள்ள முள் ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கும், கையைக் கிழித்துவிடும். கழுத்தை மிதித்துப் பிடித்து, அது அடங்கிய பிறகு துவக்கைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். அதன் பின்னர்தான் படம் எடுப்பது, மனைவிக்கு அழைப்பது எல்லாம்.

அடுத்தது காகித வேலை. வசந்தகாலத்தில் தாடியுள்ள வான்கோழியை மட்டுமே சுடலாம். தாடி என்பது நெஞ்சிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் ஒரு கற்றை. 'ராக்' எனப்படும் சீட்டில் திகதிக்கும் நேரத்துக்கும் உரிய கட்டங்களைச் சுட்ட இடத்திலேயே, பறவையை அப்பால் நகர்த்த முன்னரே, வெட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் செய்கிற வேலை அல்ல இது. வழியில் அதிகாரி மறித்தால் அவர் முதலில் கேட்பது இந்தச் சீட்டைத்தான். தாடியையும் வீடு போய்ச் சேரும்வரை பறவையிலேயே விட்டுவிடுங்கள், பேச்சு வளராது.

வேட்டைக்காலம் மே 31இல் முடிகிறது. அதன் பின் இரண்டு வாரத்துக்குள் மாகாணத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இணையத்திலும் கொடுக்கலாம், தொலைபேசியிலும் கொடுக்கலாம். ஒன்றும் சுடாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பதுதான் பலருக்கு விளங்குவதில்லை. சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கு நான் வருடாவருடம் சொல்வதுதான்: விற்பனை நடக்காவிட்டாலும் பூச்சியம் போட்டு எச்எஸ்ரி படிவத்தை அனுப்ப வேண்டுமல்லவா? அதே கணக்கு. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பறவை விழுந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த வருடம் எவ்வளவு அனுமதிக்கலாம் என்று அவர்கள் தீர்மானிக்க முடியும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. மாகாண அரசு வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தை ஒவ்வொரு வருடமும் பாருங்கள்; என் சொல்லையோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லையோ நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

பறவையைக் காட்டிலிருந்து வாகனத்துக்குக் கொண்டுவரும் தூரம்தான் எனக்குப் பயமான பகுதி. வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். வேட்டைக்காரர் உடுத்திருப்பதோ உருமறைப்பு உடுப்பு. செத்த பறவையைத் தோளில் போட்டுக்கொண்டு பற்றைக்குள்ளால் நடந்தால், எட்டத்தில் நிற்கும் இன்னொருவர் கண்ணுக்கு மனிதர் தெரியமாட்டார், அசைகிற வான்கோழிதான் தெரியும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் இதை அழுத்திச் சொல்லித் தருவதற்குக் காரணம் உண்டு. கடும் செம்மஞ்சள் நிறப் பை அல்லது துணி ஒன்றைச் சட்டைப்பைக்குள் கொண்டுபோய், பறவையை முழுதாக மூடி, நீங்களும் அதே நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். சில டொலர் சாமான். யுத்தத்தில் தப்பி வந்த பிள்ளை இங்கே தவறுதலான வெடியில் விழுந்தான் என்ற செய்தியை நான் ஒலிவாங்கி முன் இருந்து வாசிக்க விரும்பவில்லை.

காணிக்காரரிடம் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போயிருப்பீர்கள். திரும்பும்போதும் அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள். வெறுந்தோட்டாக்களைப் பொறுக்குங்கள். குடலை அவருடைய படலையடியில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு துண்டு நெஞ்சிறைச்சி, அல்லது வீட்டில் செய்த பத்து றோல்ஸ், அடுத்த வருட அனுமதிக்கு எந்தக் கடிதத்தையும்விட நல்ல விண்ணப்பம்.

இப்போது இறைச்சி. உயிரோடு இருக்கும் வான்கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். செத்த பிறகு அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இறகும் அடியிலுள்ள பூஞ்சிறகும் போர்வை போல மூடிக்கொண்டிருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் விடியற்காலை குளிராக இருக்கும். மே நடுப்பகுதியில் மத்தியானம் 20 பாகையைத் தாண்டிவிடும். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலை ஏழு மணிக்குச் சுட்ட பறவையை வாகனத்தின் பின்பெட்டிக்குள் போட்டுவிட்டு, ரிம் ஹோட்டன்சில் கோப்பி குடித்து, நண்பர்களுக்குக் காட்டி, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே குடலை அங்கேயே எடுக்க வேண்டும். கையுறை போட்டு, பறவையை மல்லாத்தி, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் மலவாசலுக்கும் இடையில் தோலை மட்டும் கீறி, குடல் கிழியாமல் உள்ளே கைவிட்டு இழுக்கவும். கழுத்தடியில் உள்ள தீன்பையையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அதற்குள் அன்று காலை தின்ற புல், தானியம், பூச்சியெல்லாம் இருக்கும். அது புளித்தால் நெஞ்சிறைச்சிக்கும் மணம் ஏறிவிடும். ஈரல், இதயம், கல்லும் மண்ணும் நிறைந்த அரைப்பை ஆகியவற்றைத் தனிப் பையில் எடுத்துவைக்கலாம். பின்னர் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டை வயிற்றுக்குள் வைத்து, கூலர் பெட்டிக்குள் இறக்குங்கள். வெறும் ஐஸ்கட்டியைக் கொட்டினால் அது உருகி, இறைச்சி தண்ணீரில் ஊறும். சூடு ஆற முன்னர் பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டுவது அதைவிடக் கேடு. ஓடைத் தண்ணீரில் அலசுவதும் வேண்டாம்.

வன்னியில் இடியன் துவக்கோடு போன எங்கள் பெரியவர்களுக்கு ஐஸ் ஏது? அவர்கள் மரை இறைச்சியைக் கீலம் கீலமாக அரிந்து உப்புப் போட்டு வத்தலாக்கினார்கள். வன்னி வெயிலுக்கு அது சரி. ஒன்ராறியோவின் ஈரமான வசந்தத்தில் வெளியில் காயப்போட்டால் இறைச்சி காய முன்னர் பழுதாகிவிடும். ஆசையென்றால் அதற்கென்று உள்ள மின்சார உலர்த்தியில் செய்யுங்கள்.

குடல் எடுக்கும்போது கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. தலையில் பருக்கள், ஈரலில் வட்டவட்டமான மஞ்சள் புள்ளிகள், எலும்பும் தோலுமான உடம்பு, சுட முன்னரே தள்ளாடிய நடை ஆகியவை நோயின் அறிகுறிகள். அப்படிப்பட்டதைச் சாப்பிட வேண்டாம். கனடிய வனவிலங்குச் சுகாதாரக் கூட்டமைப்புக்கு அறிவியுங்கள். 2022இல் ஒன்ராறியோவின் கோழி, வான்கோழிப் பண்ணைகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததை அறிவீர்கள். பின்வளவில் கோழி வளர்ப்பவர்கள் காட்டுப் பறவையை அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து உரிக்கவே கூடாது. காட்டில் போட்ட சப்பாத்தோடு கூட்டுக்குள் போகவும் கூடாது.

நல்ல பறவையை வீணாக்குவதும் குற்றம்தான். உண்ணக்கூடிய இறைச்சியைப் பழுதாக விட்டுவிட்டுப் போவதை ஒன்ராறியோச் சட்டம் தடை செய்கிறது. தாடியையும் வால் விசிறியையும் மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைப் பற்றைக்குள் எறிகிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கனடாவில் வாத்து போன்ற வலசைப் பறவைகளை ஈயக்குண்டால் சுடுவது 1999 முதல் நாடு முழுவதும் தடை. ஆனால் வான்கோழி வலசை போகிற பறவை அல்ல. ஆகவே அந்தத் தடை இதற்குப் பொருந்தாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் வான்கோழித் தோட்டாக்கள் பல இன்றும் ஈயம்தான். சொட்கன் தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறிப் போகின்றன. தலையையும் கழுத்தையும் குறிவைத்துச் சுடுவதே முறை. அப்படிச் சுட்டால் நெஞ்சுக்குள் அதிகம் போகாது. ஆனால் பறவை திரும்பினால், தூரம் கூடினால், நெஞ்சிலும் தொடையிலும் ஏறும். எலும்பில் பட்ட ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும். குண்டைப் பல்லில் கடித்துத் துப்பிவிடலாம். துகளைத் துப்ப முடியாது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள சிசுவுக்கும் போகிறது. இவ்வளவுக்குக் கீழே என்றால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. ஆகவே என் பதில்: கர்ப்பிணிகளுக்கும், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் ஈயத்தால் சுட்ட இறைச்சியைக் கொடுக்க வேண்டாம். மரியாதைக்கு வாங்கி வையுங்கள், பெரியவர்கள் சாப்பிடுங்கள். எதனால் சுட்டது என்று தெரியாவிட்டால் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சமையலில் இதற்கு மேலதிகமாக ஒரு சிக்கலும் இருக்கிறது. அமிலம் ஈயத்தைக் கரைக்கும். பழப்புளி, தேசிப்புளி, வினாகிரி, தக்காளி எல்லாம் அமிலம். இறைச்சியைத் தேசிப்புளியிலும் வினாகிரியிலும் இரவிரவாக ஊறவைத்தால், உள்ளே கிடக்கும் குண்டிலிருந்து கூடுதலான ஈயம் இறைச்சிக்குள் இறங்கும். "புளி விட்டால் கவிச்சு போகும்" என்பது உண்மைதான். ஈயத்தால் சுட்ட இறைச்சிக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். மஞ்சளும் உப்பும் போதும். புளிப்பு வேண்டுமென்றால் கோப்பையில் போட்ட பிறகு பிழியுங்கள்.

வெட்டும்போது நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். குண்டு போன வழியில் இறகு உள்ளே இழுபட்டிருக்கும். இரத்தம் கண்டிப் போயிருக்கும். குண்டை மட்டும் நோண்டி எடுக்காமல், அதைச் சுற்றியுள்ள இறைச்சியையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். நாய், பூனைக்கும் போடாதீர்கள். வருகிற வருடம் வாங்கும்போது உருக்கு, பிஸ்மத், டங்ஸ்ரன் குண்டுத் தோட்டாவை உங்கள் துவக்குக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். டங்ஸ்ரன் விலைதான், ஒளிக்கவில்லை. ஆனால் ஒரு வேட்டைக்காலத்துக்கு இரண்டு மூன்று தோட்டாதான் வெடிக்கப் போகிறீர்கள். வாகனம் ஓடிய எண்ணெய்ச் செலவோடு ஒப்பிட்டால் இதுவா பெரிது?

இறைச்சிப் பை கொடுக்கும்போது மேலே நாடா ஒட்டி மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: சுட்ட திகதி, ஈயமா இல்லையா, நெஞ்சா காலா. நான் சில வருடமாக இதைத்தான் செய்கிறேன். முதலில் சிரித்தவர்கள் இப்போது எழுதாத பையை வாங்குவதில்லை.

விலைக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. காட்டு இறைச்சியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "இறாத்தலுக்கு இவ்வளவு தாங்கோ" என்பதும், "எண்ணெய்க்காசு தாங்கோ" என்று சொல்லி இறாத்தல் கணக்கில் வாங்குவதும் என் கண்ணுக்கு ஒன்றுதான். அதிகாரி கண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும். பரிசோதிக்கப்படாத இறைச்சி ஆதலால் உணவகத்துக்கோ கேற்றறிங் செய்பவருக்கோ கொடுக்க முடியாது. ஊர்ச்சங்க விருந்தில் வைப்பதென்றால் முதலில் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள்.

சமையலைப் பெண்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டுமே தவிர நான் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கடை வான்கோழி வேறு, இது வேறு. இது ஓடித் திரிந்த பறவை; கொழுப்பே இல்லை. வெள்ளைக்காரர் முழுதாக வாட்டுவதற்காகச் சுடுநீரில் முக்கி இறகு பிடுங்குகிறார்கள். நாங்கள் கறிக்குத் தோலை எடுத்துவிடுகிறோம். ஆகவே சட்டை கழற்றுவது போல இறகோடு தோலை உரித்துவிட்டால் கால் மணிநேர வேலை. நெஞ்சைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சமையுங்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் கால் வேக முன்னர் நெஞ்சு மரத்தூளாகிவிடும். நெஞ்சைச் சிறு துண்டாக்கிப் பிரட்டலாக விரைவில் இறக்கலாம். காலில் எலும்பு போன்ற கட்டியான நரம்புகள் ஓடும். அதை உருவி எடுத்து, கறித்தூளும் பெருஞ்சீரகமும் றம்பையும் போட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று மணிநேரம் விட்டுக் கடைசியில் தேங்காய்ப்பால் விட்டால் எலும்பிலிருந்து தானாகக் கழரும். துண்டு இறைச்சியின் உட்சூடு 74 பாகை செல்சியஸை (165 பரனைற்) எட்ட வேண்டும்; முழுப் பறவையென்றால் 82 பாகை. பச்சை இறைச்சி குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. மிச்சத்தைக் காற்றுப் புகாமல் சுற்றிப் பிறீசரில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக வீட்டுக்குள் வருவது பற்றி. உருமறைப்பு உடுப்போடு, கையில் இரத்தக்கறையோடு, துவக்குப் பையும் தூக்கிக்கொண்டு விடியப்புறம் கட்டிடத்தின் மின்தூக்கிக்குள் நிற்கும் ஒருவரைக் கண்டால் கனடாவில் பிறந்தவருக்கே திக்கென்று இருக்கும். எங்கள் வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்த உடுப்பும் துவக்கும் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை. பத்து வருடம் கழித்தும் வெடிச்சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போகிற அம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளைகளே, உடுப்பை வாகனத்திலேயே மாற்றிவிட்டு வாருங்கள். துவக்கைக் குண்டில்லாமல், பூட்டிய பெட்டிக்குள் வைத்து, பாட்டி கண்ணில் படாமல் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். குடல் எடுத்து, தலை நீக்கி, பையில் போட்ட இறைச்சியை மட்டும் குசினிக்குள் கொண்டுபோங்கள். வேட்டைக்காலத்துக்குள்தான் மே 18 உம் வருகிறது. அந்த வாரத்தில் நான் துவக்கைத் தொடுவதில்லை. அது என் சொந்த முடிவு. மற்றவர்களுக்குச் சட்டம் அல்ல.

இறகுகளை எறிந்துவிடாதீர்கள். வால் விசிறியின் அடியிலுள்ள இறைச்சியைச் சுரண்டி, உப்பும் போறக்ஸும் தடவி, மட்டையில் விரித்துக் குத்தி இரண்டு மூன்று வாரம் காயவிட்டால் பல வருடம் இருக்கும். போறக்ஸ் மட்டும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.